கைப்பிள்ளையோடு படிப்பைத் தொடர: இளம் தாய்க்கு உடனிருப்போருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 1.8 என்று 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை இங்கே ஒரு சிக்கலே அல்ல. ஆனால் அதே கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 6.3 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு 18 வயது நிறைவதற்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. இப்படித் தாயாகும் பெண்களில் பலர் முதல் பிள்ளை தவழும் பருவத்தைக் கடப்பதற்குள் மீண்டும் கருவுறுகிறார்கள். ‘கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று’ என்ற நிலை வந்த பிறகு பள்ளிக்கோ கல்லூரிக்கோ திரும்புவது மிகக் கடினமாகிவிடுகிறது.

இந்த வழிகாட்டி இளம் தாயின் தாயார், அக்கா, அத்தை, முன்னாள் வகுப்பாசிரியர், கிராம சுகாதார செவிலியர் என அவருக்கு அருகில் இருப்போருக்காக எழுதப்பட்டது. இதில் வலியுறுத்தப்படுவது ஒன்றுதான்: படிப்புக்குத் திரும்பும் நாளையும் அடுத்த கருவைத் தள்ளிப்போடும் ஏற்பாட்டையும் தனித்தனியாக யோசிக்காமல், முதல் பிரசவம் முடிந்து அவர் கணவர் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்பே, ஒரே பேச்சில் முடிவுசெய்துவிட வேண்டும்.

முதலில், இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறப்பதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றாலே நம் ஊர்களில் ஆபரேஷன் என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். இடைவெளி விடுவதற்கான தற்காலிக முறைகளைப் பயன்படுத்துவோர் அவர்களோடு ஒப்பிடும்போது மிகக் குறைவு. ‘இரண்டையும் சட்டென்று பெற்று ஆபரேஷன் செய்துவிட்டால் வேலை முடிந்தது, பிறகு படிக்கலாம், வேலைக்குப் போகலாம்’ என்று பெரியவர்கள் கணக்குப் போடுகிறார்கள். கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றினாலும், 17 வயதில் தாயான பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அறுவைச் சிகிச்சைக்கு அரசு விதிமுறை வகுத்துள்ள குறைந்தபட்ச வயது 22 என்பதால், இரண்டாவது பிள்ளை 19 வயதில் பிறந்தாலும் அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஏதேனும் ஒரு தற்காலிக முறை தேவைப்படவே செய்யும். எப்படியும் தேவைப்படப்போகும் அந்த முறையை முதல் பிள்ளைக்குப் பின்னரே தொடங்கிவிடுவதுதான் அறிவுடைமை.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று குடும்பத்தினர் கேட்பார்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் கூட்டிய வல்லுநர் குழுவின் பரிந்துரையாகும். இதைப் பிறந்தநாள் கணக்காகச் சொன்னால் வீட்டில் எளிதில் பதியும்: முதல் பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்த பிறகே அடுத்ததைப் பற்றிப் பேச்சு, ஏறக்குறைய மூன்று வயது ஆகும்போது அடுத்த பிரசவம். இடைவெளி குறையும்போது தாயின் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமில இருப்பும் மீளாமலே அடுத்த கரு வளரத் தொடங்குகிறது. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. தன் உடல் வளர்ச்சியே முடிந்திராத பெண்ணுக்கு இந்தச் சுமை இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியனாக நடக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. தையல் போட்ட கருப்பை ஆறி உறுதிப்படுவதற்குள் அடுத்த பிரசவ வலி வந்தால், பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. வேறு எந்தக் காரணத்தையும் ஏற்காத மாமியார்கூட இந்த ஒரு காரணத்தை மருத்துவரே நேரில் சொன்னால் ஏற்றுக்கொள்வார்.

தாய்வீட்டு மாதங்கள்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். வளைகாப்புக்குப் பின் வந்த பெண், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நாள் பார்த்துக் கணவர் வீடு திரும்புகிறார். இந்த இடைக்காலத்தை உறவினர்கள் ஓய்வுக் காலமாக மட்டுமே பார்க்கிறார்கள். உண்மையில் எல்லா முடிவுகளையும் எடுப்பதற்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. பெண்ணின் பள்ளிச் சான்றிதழ்கள் பெரும்பாலும் தாய்வீட்டுப் பெட்டியில்தான் இருக்கும், படித்த பள்ளியும் பக்கத்திலேயே இருக்கும், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பாட்டியும் உண்டு. கணவர் வீட்டுக்குப் போன பின்பு இவற்றில் ஒன்றும் கைக்கெட்டாது.

பிரசவத்துக்குப் பிந்தைய 42ஆம் நாளை ஒட்டி செவிலியரின் வீட்டுச் சந்திப்பும், குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசியும் வருகின்றன. தடுப்பூசி போடும் அந்தப் புதன்கிழமை போகும்போதே தாய்க்கான கருத்தடை முறையையும் கேட்டுத் தொடங்கிவிடலாம். தனியாக ஒரு நாள் அதற்கென மருத்துவமனைக்குப் போனால்தான் ‘எதற்காகப் போகிறாய்’ என்ற கேள்வி எழும்.

‘பால் குடிக்கும் பிள்ளை இருக்கும்போது கரு தங்காது’ என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல் இருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல் இருக்க வேண்டும், பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும் வரையில்தான் பால் கொடுப்பது கருவைத் தடுக்கும். ஒன்று தவறினாலும் அந்தக் காப்பு போய்விடும். படிப்புக்குத் திரும்பும் தாய் இதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். நான்காம் மாதத்தில் அவர் வகுப்புக்குப் போகத் தொடங்கினால், பகலில் குழந்தைக்குப் பாட்டி புட்டிப்பாலோ பசும்பாலோ கொடுக்கத் தொடங்குவார். பள்ளியில் காலடி வைக்கும் அந்த வாரத்திலேயே பாலூட்டலின் காப்பு முடிந்துவிடுகிறது. மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் தவறு, ஏனெனில் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடக்கூடும். பிரசவத்துக்குப் பின் ஒரு முறைகூட விலக்காகாமலே மீண்டும் முழுகாமல் இருக்கும் பெண்களை எல்லாச் செவிலியர்களும் பார்த்திருக்கிறார்கள்.

எந்த முறை

அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிக் கிடைக்கும் முறைகள் பல. எது பொருந்தும் என்பதை மருத்துவர் உடல்நிலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எது நிலைக்கும் என்பதை வீட்டுச் சூழலைப் பார்த்து அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

படிக்கும் தாய்க்கு, தினமும் நினைவில் வைக்கத் தேவையில்லாத முறையே ஏற்றது என்பது என் கருத்து. கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி அவ்வகையில் முதலில் வருகிறது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலேயே பொருத்திக்கொள்ளலாம். தவறினால் ஆறு வாரத்துக்குப் பின் பொருத்தலாம். வகையைப் பொறுத்து ஐந்து ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ பலன் தரும். வேண்டும்போது எடுத்துவிட்டால் கருவுறும் தன்மை உடனே திரும்பிவிடும். முதல் சில மாதங்களில் மாதவிலக்கின்போது உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள்கள் விடாமல் கொடுப்பது இரட்டிப்பு அவசியமாகிறது.

அந்தரா என்ற கருத்தடை ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பால் கொடுக்கும் தாய் ஆறு வாரத்துக்குப் பின் தொடங்கலாம். பால் வற்றிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. இந்த ஊசி பாதியில் நின்றுபோவதற்கான காரணம் வேறு. முதல் மாதங்களில் சிலருக்கு முறையின்றித் துளித்துளியாக உதிரம் படும். மாதவிலக்கு நாள்களில் பெண்ணைச் சமையலறைக்கும் பூசை அறைக்கும் விடாத வீட்டில், பத்துப் பதினைந்து நாள்கள் நீளும் உதிரக்கறை பெரிய விவகாரமாகிவிடும். ‘என்ன ஊசி போட்டாய்’ என்று விசாரணை நடக்கும். அடுத்த ஊசி நாள் கடந்துபோகும். இப்படி ஆகக்கூடும், இது ஆபத்தில்லை, மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும் என்பதை ஊசி போடும் முன்பே அவருக்கும், முடிந்தால் மாமியாருக்கும் சொல்லிவைத்தால் பலர் நிறுத்த மாட்டார்கள். ஊசி நாளுக்கு நான்கு வாரம் தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் பின்னால் ‘ஊசியால் மலடாகிவிட்டாள்’ என்ற பழி வரும்.

சாயா என்ற கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. ஞாயிறும் புதனும் என்று நாள் குறித்து, மாதக் காலண்டரில் சிறு புள்ளி வைத்துக்கொண்டால் மறதி குறையும். தினமும் உட்கொள்ளும் மாலா-என் மாத்திரை பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களுக்கு ஏற்றதல்ல. ஆணுறையைப் பற்றிக் கணவரிடம் பேசுவது சங்கடம் என்று தவிர்த்துவிடக் கூடாது. வேறு முறை தொடங்கும் வரையிலாவது அது தேவை.

18 வயது நிறைந்த பெண்ணுக்கு இந்தத் தற்காலிக முறைகளில் எதற்கும் கணவரின் கையெழுத்தோ மாமியாரின் சம்மதமோ சட்டப்படி தேவையில்லை. ஆயினும் கணவரை ஒதுக்கிவிட்டு எடுத்த முடிவு நீண்ட நாள் நிலைப்பதில்லை என்பதால், குழந்தையின் தடுப்பூசி நாளில் அவரையும் வரச்சொல்லி, செவிலியர் முன்னிலையில் பேசுவது நல்லது. முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்திருந்தால் ‘அடுத்தது ஆணாக வேண்டும்’ என்ற அவசரம் இன்னும் கூடும். அந்த அவசரத்தை வாதாடி வெல்ல முயல்வதைவிட, ‘பெறட்டும், இரண்டு ஆண்டு கழித்துப் பெறட்டும்’ என்று நாளை மட்டும் தள்ளிவைப்பது நடைமுறையில் பலன் தருகிறது.

வயது மறைக்கப்படும்போது

18 நிறையாத பெண் கருவுற்று மருத்துவமனைக்கு வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி மருத்துவமனை அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மனைவியே ஆனாலும் 18 வயதுக்குட்பட்டவருடன் கொள்ளும் உடலுறவு வன்புணர்ச்சியே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு அஞ்சிக் குடும்பங்கள் கர்ப்பத்தைப் பதிவு செய்யாமல் விடுகின்றன, அல்லது வயதைக் கூட்டிச் சொல்கின்றன. இதில் வதைபடுவது அந்தப் பெண்தான். மாதாந்திரப் பரிசோதனை கிடைக்காது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் பிக்மி எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வரும். கூட்டிச் சொன்ன வயதும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பிறந்த தேதியும் பொருந்தாமல் பின்னாளில் கல்வி உதவித்தொகைக்கு அலைய நேரும். புகார் அளிப்பது மருத்துவமனையின் கடமை. சிகிச்சை மறுப்பது அந்தக் கடமையில் சேராது என்பதைக் குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திருமணமே வேண்டாம் என்று அந்தப் பெண் கருதினால், 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 18 நிறைந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை அத்திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரும் உரிமையை அவருக்குத் தருகிறது. அப்படிச் செல்லாததாக்கினாலும் பிள்ளை சட்டப்படியான பிள்ளையே. மாவட்டச் சமூகநல அலுவலரையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் இதற்கு அணுகலாம்.

படிப்புக்கு எந்த வாசல் வழியாக

‘படிப்பை விட்டவர்’ என்று எல்லோரையும் ஒரே வகையாகப் பார்த்தால் வழி தெரியாது. எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தோற்று, வெட்கப்பட்டு நின்றவர்களே பலர். அவர்கள் முழுப் படிப்பையும் மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. தோற்ற பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதினால் போதும். இதைச் சொன்னதும் முகம் மலர்கிற பெண்களைப் பார்த்தால், இத்தனை நாள் இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்ற கோபம்தான் வரும்.

பத்தாம் வகுப்பையே எழுதாதவர் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதலாம். அதற்குப் பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும். நேரடித் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிவுசெய்ய வேண்டும் என்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். தேர்வுக்கான விண்ணப்பத்தை மட்டும் எதிர்பார்த்திருந்தால் அந்த நாள் கடந்துபோகும். விவரங்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழைக்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் படிப்பவர்களுக்குத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். கைப்பிள்ளை உள்ளவருக்கு இது மிக வசதியானது. ஆனால் மாநில அரசுப் பணியே குறிக்கோள் என்றால், அந்தச் சான்றிதழ் மாநிலப் பள்ளிச் சான்றிதழுக்கு இணையாக ஏற்கப்படுமா என்பதைச் சேரும் முன்பே எழுத்து வடிவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளஸ் டூ முடித்தவருக்குக் கல்லூரியே நேர் வழி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. திருமணமாகிவிட்டதால் கிடைக்காது என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடாமல் கல்லூரியில் கேளுங்கள். மாணவியருக்குப் பேறுகால விடுப்பும் வருகைப்பதிவில் தளர்வும் தரும் விதிகளை வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில் உயர்கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது என்பதைக் கல்லூரி முதல்வரிடம் நினைவூட்டலாம். மாறாக, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அந்தப் பணத்தை நம்பிப் படிப்புச் செலவைத் திட்டமிடுவது 17, 18 வயதுத் தாய்க்கு உதவாது.

ஆசிரியராக இருப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காலையில் பால் கொடுத்துவிட்டு வந்த தாய்க்கு பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். துப்பட்டாவில் ஈரம் படர்ந்ததும் அவர் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே கூசுவார். சிலர் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகிறார்கள். பூட்டக்கூடிய அறை ஒன்றையும் பத்து நிமிட நேரத்தையும் கேள்வி கேட்காமல் கொடுத்தால் இது தீரும். சுத்தமான பாத்திரத்தில் பீச்சி எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது. நம் ஊர்க் கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. காலையில் இப்படி எடுத்து வைத்துவிட்டு வந்தால், மதியம் வரை புட்டிப்பாலுக்கு அவசியம் இராது.

குழந்தையைப் பகலில் யார் பார்ப்பது என்பதுதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கன்வாடி முன்பருவக் கல்வியில் இரண்டு வயது நிறைந்த பின்பே சேர்ப்பார்கள். அதுவரை பாட்டியோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு அம்மாவோ இல்லாமல் முடியாது. பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் அவருடைய கூலி நின்றுபோவதையும் கணக்கில் எடுத்தே பேச வேண்டும். இதைப் பேசாமல் ‘நீ படி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று தாராளமாகச் சொன்ன வீடுகளில்தான் மூன்றாம் மாதத்தில் படிப்பு நிற்கிறது. ஒரே ஆள் முழுநாளும் பார்க்க முடியாதபோது, வாரத்தில் மூன்று நாள் டுட்டோரியல் வகுப்பு என்று குறைத்துக்கொண்டு தனித்தேர்வுக்குத் தயாராவதில் குறைவொன்றும் இல்லை.

இடையில் கரு தங்கிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு இது நேரும். அப்போது கடைகளில் விற்கும் கருக்கலைப்பு மாத்திரையைத் தானே வாங்கி விழுங்குவதுதான் மிகப் பெரிய ஆபத்து. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். கணவரின் சம்மதம் தேவையில்லை. 18 நிறையாதவருக்குப் பாதுகாவலரின் எழுத்துவழிச் சம்மதம் வேண்டும். இதற்கான தகுதியுள்ள மருத்துவரை நாள் கடத்தாமல் பார்க்க வேண்டும், ஏனெனில் வாரங்கள் கூடக்கூட வழிகள் குறையும். கருக்கலைப்புக்குப் பின் இரண்டு வாரத்திலேயே மீண்டும் கருத்தரிக்க முடியும் என்பதால், கருத்தடை முறையை அன்றே தொடங்கிவிடுவது முறை. அடுத்த கருவுக்குக் குறைந்தது ஆறு மாத இடைவெளி வேண்டும்.

கருவைத் தொடர அவர் முடிவு செய்தால் அந்த முடிவுக்கு உடன் நில்லுங்கள். ‘இனி எங்கே படிப்பது’ என்று புத்தகங்களை எடைக்குப் போடுவதற்கு முன், பிரசவத் தேதியையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரசவம் டிசம்பரில் என்றால், ஜூன், ஜூலையில் வரும் துணைத்தேர்வில் ஒரு பாடத்தையாவது எழுத முடியும். எழுதித் தேறிய பாடம் தேறியதுதான், அடுத்த முறை அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. சான்றிதழ்களையும் ஆதார் அட்டையையும் நகலெடுத்து ஒரு தொகுப்பைத் தாய்வீட்டிலும், மூலத்தை அந்தப் பெண்ணிடமே, அவர் பூட்டிவைத்துக்கொள்ளக்கூடிய இடத்திலும் வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் வரும்போது மாமனார் வெளியூர் போயிருக்கிறார், பீரோச் சாவி அவரிடம் இருக்கிறது என்ற காரணத்தால் ஓராண்டு வீணாகக் கூடாது.